பொருளும் பண்பும்: கணிப்பொறி பெயர்ச்சொல் கற்ற வரலாறு

2020-ஆம் ஆண்டு மே மாதம் சென்னை மக்களுக்கு எளிதில் மறவாது. கொரோனா நோய் கோயம்பேடு அங்காடி வழியாகப் பரவத் தொடங்கியதும் அது மூடப்பட்டது. நகருக்கு வேண்டிய காய்கறிகளின் மொத்த வியாபாரம் பூந்தமல்லிக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையில் உள்ள திருமழிசைக்குத் தற்காலிகமாக மாற்றப்பட்டது. ஆழ்வார் பிறந்த ஊர் என்று அறியப்பட்டிருந்த திருமழிசையில் கொட்டகைகள் எழும்பின. இரவெல்லாம் லாரிகள் வந்து நின்றன. அவ்வாண்டு செப்டம்பரில் வியாபாரம் மீண்டும் கோயம்பேட்டுக்குத் திரும்பும் வரை இந்த ஏற்பாடு நீடித்தது.

இந்த அங்காடியின் கணக்கைக் கணிப்பொறியில் எழுதும் பொறுப்பு உங்களிடம் வந்ததாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கடைக்கும் ஓர் எண் உண்டு, சரக்கு உண்டு, அன்றைய விலை உண்டு. ஒவ்வொரு லாரிக்கும் புறப்பட்ட ஊர் உண்டு, சுமை உண்டு, வந்து சேர்ந்த நேரம் உண்டு. லாரி வருகிறது, காத்திருக்கிறது, சரக்கை இறக்குகிறது, போகிறது. இவற்றையெல்லாம் கணிப்பொறிக்கு எப்படிச் சொல்வது?

இன்று இது எளிய வேலை. 'கடை' என்று ஒரு பொருளை உண்டாக்கி, அதன் எண் இது, சரக்கு இது, விலை இது என்று பண்புகளை ஒவ்வொன்றாகக் குறித்துவிடலாம். பள்ளி மாணவர்கூட நான்கு வரிகளில் இதனைச் செய்துவிடுவார். ஆனால் இந்த நான்கு வரிகளை எழுதும் வசதி கணிப்பொறிக்குப் பிறவியிலேயே வாய்த்ததன்று. அது படிப்படியாகக் கிடைத்த வரலாற்றையும், அதில் நம் தமிழ் மாணவருக்கு உள்ள பங்கையும் இக்கட்டுரையில் காண்போம்.

பொருளாதி ஆறு

தமிழ் இலக்கணம் படித்தவர்க்கு இக்கருத்து புதிதன்று. பெயர்ச்சொல்லைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என ஆறாகப் பகுப்பது நம் மரபு. கத்தரிக்காய் என்பது பொருட்பெயர். அதன் காம்பு சினை. அதன் ஊதா நிறம் குணம், அதாவது பண்பு. அது விளைதல் தொழில். உலகில் எதைச் சொல்ல வந்தாலும், ஒரு பொருள், அதன் உறுப்புகள், அதன் பண்புகள், அது செய்யும் தொழில் என்று பிரித்துச் சொல்வது மனித மனத்துக்கு இயல்பாக வருகிறது.

கணிப்பொறிக்கோ தொடக்கத்தில் எண்கள் மட்டுமே தெரியும். 1957-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் உருவாக்கிய ஃபோர்ட்ரான் மொழி விஞ்ஞானிகளுக்குப் பெரும் வரமாக அமைந்தது. ஆயினும் அம்மொழியில் ஒரு கடையைக் கடையாகச் சொல்ல வழி இல்லை. கடை எண்களுக்கு ஒரு பட்டியல், சரக்குக் குறியீடுகளுக்கு ஒரு பட்டியல், விலைகளுக்கு ஒரு பட்டியல் எனத் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று பட்டியல்களிலும் 45-ஆவது வரியில் இருப்பவை ஒரே கடையைச் சேர்ந்தவை என்பது நிரல் எழுதியவரின் நினைவில் மட்டுமே இருக்கும், கணிப்பொறிக்குத் தெரியாது.

இதில் உள்ள ஆபத்தை எண்ணிப் பாருங்கள். மலிவான விலை முதலில் வரவேண்டும் என்று விலைப் பட்டியலை மட்டும் ஏறுவரிசையில் அடுக்கிவிட்டு, மற்ற இரண்டையும் அடுக்க மறந்துவிட்டால் என்னவாகும்? தக்காளியின் விலை முருங்கைக்காய்க்குப் போய்ச் சேரும். கணிப்பொறி எந்தப் பிழையும் காட்டாது. கணக்கு மட்டும் அடியோடு பொய்யாகிவிடும். ஒன்றாக இருக்க வேண்டிய செய்திகள் சிதறிக் கிடப்பதே இந்தத் தொல்லைக்குக் காரணம்.

இரண்டு முன்னோடிகள்

சிதறியவற்றைச் சேர்த்துக் கட்டும் முயற்சி இரண்டு இடங்களில் தொடங்கியது. முதலாவது, ஜான் மெக்கார்த்தி 1958-இல் தொடங்கி உருவாக்கிய லிஸ்ப் மொழி. அதில் ஒரு பெயருடன் ஒரு 'பண்புப் பட்டியலை' இணைத்து வைக்கலாம். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்பட்டியலில் புதிய பண்பு ஒன்றைச் சேர்க்கலாம்; பழையதை மாற்றலாம். இன்று நாம் செய்யும் பண்பு குறித்தலுக்கு இதுவே மிகப் பழைய மூதாதை எனலாம்.

இரண்டாவது, 1963-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து என்ற இளைஞர் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காக உருவாக்கிய ஸ்கெட்ச்பேட். ஒளிப் பேனாவால் திரையில் படம் வரையும் ஏற்பாடு அது. அதில் மூலப்படம் ஒன்றை வரைந்து, அதன் படிகளை வேண்டிய இடங்களில் பதிக்கலாம். மூலப்படத்தில் ஒரு கோட்டை மாற்றினால் எல்லாப் படிகளிலும் அக்கோடு தானே மாறிவிடும். ஒரு மூலம், அதிலிருந்து பிறக்கும் பல பிரதிகள் என்ற கருத்து இங்கே முளைவிட்டது.

நார்வேயில் ஒரு சுங்கச்சாவடி

கருத்து முழுமை பெற்றது நார்வே நாட்டில். கிறிஸ்டன் நைகார்ட் என்பவர் கணித முறைகளைக் கொண்டு நடைமுறைச் சிக்கல்களை ஆராய்பவர். துறைமுகத்தில் கப்பல்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கும், தொழிற்சாலையில் எந்த இயந்திரத்தின் முன் வேலை தேங்கும் என்பன போன்ற கேள்விகள் அவருடையவை. இவற்றை ஒரே சமன்பாட்டில் அடக்க இயலாது. எனவே கப்பல்களையும் வரிசைகளையும் கணிப்பொறிக்குள்ளேயே நடமாட விட்டுப் பார்க்க வேண்டும். இதனைப் பாவனை முறை என்பர். திருமழிசையில் விடியற்காலை எத்தனை லாரிகள் வரிசையில் நிற்கும், இன்னும் ஓர் இறக்குமிடம் அமைத்தால் வரிசை எவ்வளவு குறையும் என்ற கேள்வியும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான்.

நைகார்டும், நிரல் எழுதுவதில் வல்லவரான ஓலே யோகன் டால் என்பவரும் நார்வேக் கணிப்பு மையத்தில் இணைந்து சிமுலா என்னும் மொழியை அமைத்தனர். 1965-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அது யூனிவாக் 1107 கணிப்பொறியில் இயங்கத் தொடங்கியது.

பின்னர் அவர்களுக்கு ஒரு சிக்கல் தென்பட்டது. ஒரு பாலம்; அதன் முன் சுங்கச்சாவடி; அங்கே லாரிகளும் பேருந்துகளும் வரிசையில் நிற்கின்றன. பெங்களூர் சாலையில் செல்வோர் அன்றாடம் காணும் காட்சி. லாரிக்குச் சுமை உண்டு. பேருந்துக்குப் பயணிகள் உண்டு. இரண்டும் வேறு வேறு. ஆனால் வரிசையில் நிற்கும்போது இரண்டும் ஒன்றே; முன்னால் யார், பின்னால் யார் என்பதே முக்கியம். இந்தப் பொதுத் தன்மையை லாரிக்கு ஒரு முறை, பேருந்துக்கு ஒரு முறை எனத் திரும்பத் திரும்ப எழுத வேண்டுமா?

பிரிட்டனைச் சேர்ந்த டோனி ஹோர் 1965-இல் பதிவுகளை இனமாகவும் உள் இனமாகவும் பகுக்கலாம் என்று எழுதியிருந்தார். அக்கருத்து இவர்களுக்கு வழிகாட்டியது. 'வாகனம்' என்ற பொது இனத்தை ஒரு முறை வரையறுத்துவிட்டு, லாரியும் பேருந்தும் அதன் தன்மைகளை மரபுரிமையாகப் பெறும்படி செய்தால் போதும் என்று கண்டனர். இவ்வாறு பிறந்த சிமுலா 67 என்னும் மொழி 1967 மே மாதம் ஓஸ்லோவுக்கு அருகில் லிசபு என்ற இடத்தில் நடந்த மாநாட்டில் அறிவிக்கப்பட்டது. இனக்குழு, அதன்படி உண்டாக்கப்படும் பொருள், மரபுரிமை ஆகிய மூன்றும் அதில் இடம்பெற்றிருந்தன. இப்பணிக்காக டாலும் நைகார்டும் 2001-ஆம் ஆண்டுக்கான டூரிங் பரிசைப் பெற்றனர். மறு ஆண்டே, 2002-இல், இருவரும் சில வார இடைவெளியில் மறைந்தனர்.

இனமா, முன்மாதிரியா?

சிமுலாவிலிருந்து பல கிளைகள் பிரிந்தன. அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் 1972 முதல் ஆலன் கே, டான் இங்கால்ஸ், அடீல் கோல்ட்பெர்க் ஆகியோர் ஸ்மால்டாக் மொழியை வளர்த்தனர். உயிரியலும் கணிதமும் பயின்ற ஆலன் கே, நிரலில் உள்ள பொருள்களை உடலில் உள்ள உயிரணுக்களுக்கு ஒப்பிட்டார். ஒவ்வோர் அணுவும் தன் உள்ளமைப்பைத் தன்னுள் மறைத்துக்கொண்டு, பிறவற்றுடன் செய்திகளால் மட்டுமே தொடர்பு கொள்கிறது. பொருளும் அவ்வாறே இருக்க வேண்டும் என்றார். மற்றொரு கிளையில், பெல் ஆய்வகத்தில் பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப் 1979-இல் தொடங்கிய பணி சி++ மொழியாக மலர்ந்தது.

இவை அனைத்திலும் முதலில் இனக்குழுவை வரையறுத்த பிறகே பொருளை உண்டாக்க முடியும். கொழுக்கட்டைக்கு முன் அச்சு வேண்டும் என்பது போல. ஆனால் நாம் உலகை அறிவது எப்போதும் அப்படியா? குழந்தை முதலில் ஒரு பசுவைப் பார்க்கிறது. அடுத்ததைக் கண்டதும், 'அதே மாதிரிதான்; ஆனால் இது கறுப்பு' என்கிறது. பசு என்ற இனத்தின் இலக்கணம் அதற்குத் தெரியாது.

இந்த வழியைப் பின்பற்றி டேவிட் உங்கார், ராண்டல் ஸ்மித் இருவரும் 'செல்ஃப்' என்னும் மொழியை அமைத்து, 1987-இல் அதனை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். அதில் இனக்குழுவே கிடையாது. பொருளை நேரே உண்டாக்கலாம். இன்னொரு பொருள் வேண்டுமானால் முன்னதை முன்மாதிரியாகக் கொண்டு, வேறுபடும் பண்பை மட்டும் குறித்தால் போதும். ஒரு பண்பைக் கேட்டால் மொழி முதலில் அப்பொருளிடமே தேடும். இல்லையென்றால் அதன் முன்னோரிடம் தேடும்.

பத்து நாளில் பிறந்த மொழி

இதனிடையே வேறொரு தேவை எழுந்தது. பெரிய நிரல்களை எழுதுவோர் சிலரே. ஆனால் சிறு சிறு வேலைகளைக் கணிப்பொறியிடம் சொல்லிச் செய்வித்துக்கொள்ள விரும்புவோர் பலர். அவர்களுக்காகத் தோன்றியவையே ஸ்கிரிப்ட் மொழிகள். இவற்றில் எழுதிய வரியை முன்கூட்டி மொழிபெயர்த்து வைக்க வேண்டாம். எழுதியவுடன் ஓட்டிப் பார்க்கலாம். 1987-இல் லாரி வால் உருவாக்கிய பெர்ல், 1991-இல் கைடோ வான் ராசம் வெளியிட்ட பைத்தான், 1993-இல் பிரேசில் நாட்டில் பிறந்த லுவா ஆகியன இவ்வகையின.

1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர், இணையப் பக்கங்களுக்கு உயிரூட்டும் ஒரு மொழியின் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதி முடித்தார். அவ்வாண்டு டிசம்பரில் அதற்கு ஜாவாஸ்கிரிப்ட் எனப் பெயரிடப்பட்டது. பொருளை அமைக்கும் முறைக்கு ஐக் 'செல்ஃப்' மொழியின் முன்மாதிரி வழியையே எடுத்துக்கொண்டார். ஆய்வுக்கூடத்தில் சிலரே அறிந்திருந்த ஒரு கருத்து இவ்வாறு உலகின் கணிப்பொறிகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது.

அம்மொழியில் நம் கடையை எழுதிப் பார்ப்போம்.

கடை = {};
கடை.எண் = 45;
கடை.சரக்கு = "கத்தரிக்காய்";
கடை.விலை = 30;

முதல் வரியில் உள்ள வெற்று அடைப்பு, பண்பு எதுவும் இல்லாத புதிய பொருளை உண்டாக்குகிறது. அடுத்த மூன்று வரிகளும் அதற்குப் பண்புகளைக் குறிக்கின்றன. புள்ளிக்கு இடப்புறம் பொருள், வலப்புறம் பண்பு, சமக்குறிக்குப் பின் அப்பண்பின் மதிப்பு. தமிழில் எழுதியிருக்கிறோமே, இது ஓடுமா என வாசகர்கள் கேட்கலாம். ஓடும். 1991-இல் வெளிவந்த யூனிக்கோடு முதல் பதிப்பிலேயே தமிழ் எழுத்துகள் இடம்பெற்றன. 1999 டிசம்பரில் வந்த ஜாவாஸ்கிரிப்ட் தரத்தின் மூன்றாம் பதிப்பு பிறமொழி எழுத்துகளையும் பெயர்களில் ஏற்றுக்கொண்டது. பைத்தான் மொழியும் 2008 டிசம்பரில் வந்த தன் மூன்றாம் பதிப்பிலிருந்து இதற்கு இடம் கொடுக்கிறது.

எளிமையின் விலை

எளிமைக்கும் ஒரு விலை உண்டு. அதனை மூன்று எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம்.

முதலாவது, எழுத்துப் பிழை. விலை ஏறியதும் ஒருவர் அவசரத்தில் கடை.விளை = 35 என்று எழுதிவிட்டார் என்போம். லகரம் ளகரமாகிவிட்டது. இனக்குழுவை முன்கூட்டி வரையறுக்கும் சி++ போன்ற மொழி, 'விளை என்ற பண்பு இல்லையே' என்று உடனே தடுத்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் தடுக்காது. 'விளை' என்று புதிய பண்பு ஒன்றை உண்டாக்கி அதில் 35-ஐ வைத்துவிடும். 'விலை' பழைய 30-ஆகவே நிற்கும். பட்டியலில் பழைய விலையே அச்சாகும். பைத்தானும் இவ்வாறு எழுதும்போது தடுக்காது. இல்லாத பண்பைப் படிக்கும்போது மட்டுமே பிழை என்று சொல்லும்.

இரண்டாவது, ஒரு பொருளுக்கு இரு பெயர். அடுத்த கடையைக் குறிக்க, புதுக்கடை = கடை என்று எழுதி, பின் புதுக்கடை.எண் = 46 என்று எழுதினால் இரண்டு கடைகள் கிடைக்குமா? கிடைக்கா. ஒரே கடைக்கு இரண்டு பெயர்ப்பலகைகளை மாட்டியிருக்கிறோம், அவ்வளவே. முதற்கடையின் எண்ணும் 46 ஆகிவிடும். 45-ஆம் எண் கணக்கிலிருந்தே மறைந்துபோகும். உண்மையிலேயே வேறு கடை வேண்டுமானால் புதிய பொருளை உண்டாக்கிப் பண்புகளை அதில் படியெடுக்க வேண்டும்.

மூன்றாவது தமிழில் எழுதுவோர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது. 'கொள்முதல்' என்ற பண்பை எடுத்துக்கொள்வோம். 'கொ' என்ற எழுத்தை யூனிக்கோட்டில் இரு வழிகளில் அமைக்கலாம். ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒரு வழி. கொம்பையும் காலையும் இரண்டு தனிக் குறியீடுகளாகச் சேர்ப்பது மற்றொரு வழி. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் ஜாவாஸ்கிரிப்டுக்கு அவை வெவ்வேறு பெயர்கள்! எனவே ஒருவர் ஒரு வழியிலும் மற்றவர் இன்னொரு வழியிலும் எழுதினால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் பண்பு கணக்கில் இரண்டாகிவிடும். பைத்தான் மொழி நிரலில் உள்ள பெயர்களைப் படிக்கும்போதே இரு வடிவங்களையும் ஒன்றாக்கிக்கொள்கிறது. அங்கே இத்தொல்லை இல்லை.

இத்தகைய தவறுகளைக் கண்டபின், 2009 டிசம்பரில் வந்த ஜாவாஸ்கிரிப்டின் ஐந்தாம் பதிப்பில் சில பூட்டுகள் சேர்க்கப்பட்டன. ஒரு பொருளுக்கு இனிப் புதிய பண்பு கூடாது என்று தடுக்கலாம். உள்ள பண்புகளும் மாறக்கூடாது என்று உறையச் செய்யலாம். கண்டிப்பு முறையில் எழுதிய நிரலில் இத்தடையை மீறினால் மொழி உடனே பிழை என்று அறிவிக்கும். அப்படிப் பூட்டிய கடையில் 'விளை' நுழைய முடியாது. 2015-இல் வந்த ஆறாம் பதிப்பில் இனக்குழுவை எழுதும் முறையும் சேர்ந்தது. எனினும் உள்ளே இயங்குவது பழைய முன்மாதிரி வழியே.

தமிழ் மாணவரும் பொருள்களும்

தமிழிலேயே நிரல் எழுதும் முயற்சியும் நடந்துள்ளது. முத்து அண்ணாமலை என்ற பொறியியலாளர் 2007-இல் தொடங்கி உருவாக்கிய 'எழில்' என்னும் மொழி அவற்றுள் குறிப்பிடத்தக்கது. இதைப் பற்றிய அவரது கட்டுரை 2009-இல் வெளிவந்தது. பதிப்பி, ஆனால், இல்லை, முடி, பின்கொடு என்பன போன்ற தமிழ்ச் சொற்களே அதில் கட்டளைகள். ஆங்கிலம் அறியாத தமிழ்ச் சிறுவரும் கணிப்பொறிக்கு ஆணையிடும் முறையைக் கற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். பெரும்பாலும் செய்முறைகளை வரிசையாக எழுதும் வகையைச் சேர்ந்தது எழில். ஆயினும் அது கட்டப்பட்டிருப்பது பைத்தான் மொழியின் மீது; அதாவது அதன் அடித்தளத்தில் இருப்பவை பொருள்களும் பண்புகளுமே.

தமிழ்நாட்டில் 2018-19, 2019-20 கல்வியாண்டுகளில் நடைமுறைக்கு வந்த மேனிலைப் பாடநூல்களில் இக்கருத்துகள் தமிழிலேயே தரப்பட்டன. பதினோராம் வகுப்பில் சி++ மொழியும், கணிப்பொறிப் பயன்பாட்டியல் பாடத்தில் ஜாவாஸ்கிரிப்டும், பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானும் இடம்பெற்றன. இனக்குழு, பொருள் என்ற சொற்களை மாணவர்கள் அங்கே சந்திக்கின்றனர்.

இங்கேதான் ஒரு செய்தியை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்வழி மாணவர் பலர் இப்பாடத்தைப் பொருள் விளங்காமலே மனப்பாடம் செய்கின்றனர். 'இது ஆங்கிலம் தெரிந்தவர்க்கான சங்கதி' என்ற தயக்கமே அதற்குக் காரணம். கட்டளைச் சொற்கள் ஆங்கிலம் என்பது உண்மை. அவை சில பத்துகளே, பழகினால் கைவந்துவிடும். கடினமான பகுதி வேறு. எது பொருள், எது அதன் பண்பு, எது அதன் தொழில் என்று ஆராய்ந்து பிரிப்பதே அது. திருமழிசை அங்காடியில் விலை என்பது கடையின் பண்பா, சரக்கின் பண்பா? ஒரே கடையில் இரண்டு சரக்கு விற்றால் என்ன செய்வது? அப்போது சரக்கே தனிப் பொருளாகி, விலை அதனிடம் போய்ச் சேர வேண்டும் அல்லவா? மேலே நாம் எழுதிய நான்கு வரிகளில் விலையைக் கடையிடம் வைத்தது ஒரே சரக்கு விற்கும் வரையில்தான் சரி. இதைக் கண்டுபிடிக்க ஆங்கிலம் தேவையில்லை. அங்காடிக்குப் போய்வந்த அனுபவமும், பொருளையும் குணத்தையும் பிரித்தறியும் பழக்கமும் இருந்தால் போதும். பெயர்ச்சொல்லை ஆறாகப் பிரித்துப் படித்த மாணவருக்கு அப்பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது.

டாலும் நைகார்டும் தொடங்கியதும் இவ்வாறுதான். முதலில் வரிசையில் நின்ற வண்டிகளைக் கூர்ந்து பார்த்தனர். மொழி பின்னர் பிறந்தது. நீங்களும் உங்கள் ஊர்ச் சந்தையையோ, பேருந்து நிலையத்தையோ, பள்ளி நூலகத்தையோ ஒருநாள் நின்று கவனியுங்கள். அங்குள்ள பொருள்கள் எவை, ஒவ்வொன்றின் பண்புகள் எவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டு பொருளுக்கும் பொதுவான பண்புகளை அடிக்கோடிடுங்கள். நிரலின் பாதி வேலை அத்தாளிலேயே முடிந்திருக்கும். மீதியைக் கணிப்பொறியின் முன் அமர்ந்து முடித்துக்கொள்ளலாம்.